ஜூனியர் கேட்கிறார், சீனியரும் கேட்கிறார்

வாசகர் கேள்வி பதில்: வழக்கறிஞர் அலுவலகத்தில் தொழில் பழகுதல்

தொழில் பழகும் இளம் வழக்கறிஞர்கள் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். பழைய வட ஆற்காட்டுப் பகுதியிலிருந்து, அதாவது இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்து கடிதங்கள் வந்தன. ஜூனியர்களோடு சீனியர்களும் எழுதியிருப்பது நல்ல அறிகுறி.

கேள்வி: என் அலுவலகத்தில் நான்கு ஜூனியர்கள். மூன்று வருடம் ஆனவர்கூடத் தனியாக ஒரு பிராது (வாதி தாக்கல் செய்யும் வழக்கு மனு) எழுதத் தயங்குகிறார். நான் எதையும் யாரிடமும் மறைத்ததில்லை. கூடவே இருந்து பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்றுதான் விட்டேன். எங்கே தவறினேன்? (மூத்த வழக்கறிஞர், சத்துவாச்சாரி)

பதில்: பார்த்துக் கற்றுக்கொள்ளக்கூடியவை சில உண்டு. நீதிபதி முன் எப்படி நிற்பது, கோபப்படும் கட்சிக்காரரை எப்படி உட்கார வைப்பது, எந்த இடத்தில் வாயை மூடிக்கொள்வது, இவையெல்லாம் பார்த்தே வந்துவிடும். எழுத்து அப்படி வராது. எழுதி, திருத்தப்பட்டு, மறுபடி எழுதினால்தான் வரும்.

பல அலுவலகங்களில் நடப்பது இதுதான். ஜூனியர் இரவு எட்டு மணிக்கு வரைவைக் கொண்டு வந்து வைக்கிறார். வெளியே ஆறு பேர் காத்திருக்கிறார்கள். சீனியர் இரண்டு பக்கம் பார்த்துவிட்டு, 'சரியில்லை, விடு' என்று டைப்பிஸ்ட்டைக் கூப்பிட்டு முதலிலிருந்து தானே சொல்லி முடித்துவிடுகிறார். மறுநாள் அது தாக்கலாகிறது. தன் வரைவு ஏன் போனது என்று ஜூனியருக்குத் தெரியாது. இப்படி நான்கு முறை நடந்தால், 'எப்படியும் சார் மாற்றிவிடுவார்' என்று ஐந்தாவதை அவர் அரைமனதாகத்தான் எழுதுவார். மூன்று வருடத் தயக்கம் இங்கேதான் தொடங்குகிறது.

மருந்து எளிது, ஆனால் பொறுமை வேண்டும். தாக்கல் தேதிக்கு நான்கு நாள் முன்பே வரைவு உங்கள் மேசைக்கு வர வேண்டும். நீங்கள் மாற்றி எழுதாமல், பேனாவால் ஓரத்தில் காரணத்தைக் குறியுங்கள். விவரப் பிழைக்கு 'வி', சட்டப் பிழைக்கு 'ச', மொழிப் பிழைக்கு 'மொ' என்று மூன்று குறிகள் போதும். 'வி' என்றால் கட்சிக்காரரிடம் கேட்காமல் விட்டது, அல்லது ஆவணத்தைச் சரியாகப் படிக்காதது. 'ச' என்றால் பிரிவு, காலவரையறை, அதிகார வரம்பு. திருத்திய காகிதத்தை அதே ஜூனியரே தன் கையால் டைப் செய்து திரும்பக் கொண்டு வர வேண்டும். இரண்டு பிரதிகளையும் அவர் பெயரில் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். மூன்று மாதம் கழித்துப் புரட்டினால் எந்தக் குறி குறைந்திருக்கிறது, எது அப்படியே இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். 'வி' குறையவில்லை என்றால் அவருக்குச் சட்டப் புத்தகம் வேண்டாம். கட்சிக்காரரிடம் கேள்வி கேட்கும் பழக்கம்தான் வேண்டும்.

இதற்கு நேரம்? வாரம் இரண்டு நாள், கோர்ட் முடிந்து வந்ததும் அரை மணி. அந்த நேரத்தில் கட்சிக்காரரை உள்ளே விடக் கூடாது என்று குமாஸ்தாவிடம் சொல்லிவிடுங்கள். நேரம் கிடைக்கும்போது பார்க்கலாம் என்று வைத்தால் கிடைக்கவே கிடைக்காது.

அளவு கேட்டால், முதல் ஆறு மாதத்தில் ஒரு ஜூனியர் கையால் பத்து வக்கீல் நோட்டீஸ், பதினைந்து இடைக்கால மனு, நான்கு பிராது, நான்கு எதிருரை (பிராதுக்குப் பிரதிவாதியின் பதில்), மூன்று சாட்சிப் பிரமாணப் பத்திரம், ஒரு மேல்முறையீட்டுக் காரணங்கள் என்பது எங்கள் கணக்கு. அவ்வளவு புது வேலை வராத அலுவலகத்தில் முடிந்துபோன கட்டு (வழக்குக் கோப்பு) ஒன்றை எடுத்து, பிராதை மட்டும் உருவி வைத்துக்கொண்டு, ஆவணங்களைக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். பிறகு பழைய பிராதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கட்டு அலுவலகத்தை விட்டு வெளியே போகக் கூடாது.

நான்கு பேர் இருந்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஜாமீனுக்கு ஒருவர், சிவிலுக்கு ஒருவர், ஃபைலிங்குக்கு ஒருவர் என்று தானாகவே பிரிந்து, அவரவர் அங்கேயே உறைந்துவிடுவார்கள். நான்கு மாதத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள். புதிதாக வருபவரை முதல் பதினைந்து நாள் குமாஸ்தாவோடு விடுவதும் நல்லது. படி கட்டுவது (சம்மன் அனுப்பக் கட்டணம் செலுத்துவது), ரிட்டர்ன் ஆன, அதாவது குறை சொல்லி நீதிமன்றம் திருப்பித் தந்த காகிதத்தில் எழுதியிருக்கும் குறிப்பைப் படிப்பது, நகல் மனு போடுவது ஆகியவற்றில் ஒரு நல்ல குமாஸ்தாவுக்கு இணையான ஆசிரியர் இல்லை.

கேள்வி: பதிவு செய்து ஏழு மாதம் ஆகிறது. காலையில் வாய்தா வாங்குவது, மாலையில் நகல் மனு போடுவது, இவ்வளவுதான் வேலை. சீனியர் நல்லவர். சொல்லித் தரத்தான் நேரமில்லை. (குடியாத்தம்)

பதில்: வாய்தாவிலும் நகல் மனுவிலும் நிறைய சட்டம் இருக்கிறது. கட்டைத் திறக்காமல் வாங்கும் வாய்தாவில்தான் ஒன்றும் இல்லை.

முந்தின நாள் மாலை, மறுநாள் கட்டுகளில் இரண்டை மட்டும் எடுத்துப் படியுங்கள். பத்தையும் புரட்டினால் ஒன்றும் மனதில் தங்காது. ஒரு நோட்டில் ஐந்து வரி: வாதி என்ன கேட்கிறார், பிரதிவாதி என்ன சொல்கிறார், வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது, நாளை எதற்காக வாய்தா கேட்கிறோம், மறுத்தால் என்ன செய்வது. கடைசி வரிதான் முக்கியம். 'சாட்சி வந்திருக்கிறார், கிராஸ் செய்யுங்கள்' என்று நீதிபதி சொல்லும்போது ஜூனியர் திகைத்து நிற்பது அந்த வரியை யோசிக்காததால்தான்.

சிவில் நடைமுறைச் சட்டம் கட்டளை 17, விதி 1-ஐ இன்றே படியுங்கள். விசாரணைக் கட்டத்தில் ஒரு தரப்புக்கு மூன்று தடவைக்கு மேல் வாய்தா கூடாது என்கிறது அது. வழக்கறிஞர் வேறு கோர்ட்டில் இருக்கிறார் என்பது காரணமாகாது என்றும் அதிலேயே இருக்கிறது. 'சீனியர் சப் கோர்ட்டில் இருக்கிறார்' என்று தினமும் சொல்பவர்கள், சட்டம் ஒதுக்கிய காரணத்தைச் சொல்கிறோம் என்று தெரிந்து சொல்ல வேண்டும். கட்சிக்காரரின் உடல்நிலை, வர வேண்டிய ஆவணம் என்று உண்மையான வேறு காரணம் இருந்தால் அதையே முன்னால் வையுங்கள்.

நகல் மனுவுக்கும் இதே கதைதான். சான்றிட்ட நகலின் பின்புறத்தில் இருக்கும் தேதிகளைப் படிக்கப் பழகுங்கள். மாவட்ட நீதிமன்றத்துக்கு முதல் மேல்முறையீடு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள். நகல் பெறத் தேவைப்பட்ட காலத்தைக் காலவரையறைச் சட்டம் 12-ஆம் பிரிவு கழித்துத் தருகிறது. ஆனால், நகல் தயாரான பின் நீங்கள் வாங்காமல் விட்ட நாட்கள் கழியாது. 'நகல் வர லேட்டாகிவிட்டது' என்று பல ஜூனியர்கள் சொல்லும் தாமதத்தில் ஒரு பகுதி, நகல் தயாரான பின் கவுன்ட்டரிலேயே கிடந்த நாட்கள்தான்.

சீனியரிடம் 'சொல்லிக் கொடுங்க சார்' என்று கேட்காதீர்கள். அது அவரிடம் இல்லாத நேரத்தைக் கேட்பது. 'சார், அந்த ஓ.எஸ்.-ல (சிவில் வழக்குல) எதிருரை போட இன்னும் பதினெட்டு நாள் இருக்கு. நான் ஒரு வரைவு எழுதி வியாழக்கிழமை மேசையில வைக்கட்டுமா?' என்று கேளுங்கள். அது அவருக்கு நேரத்தை மிச்சப்படுத்துவது. வேண்டாம் என்று சொல்லும் சீனியர் அரிது. திருத்தாமல் ஒதுக்கிவிட்டாலும், தாக்கலான எதிருரையையும் உங்கள் வரைவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நீங்களே 'வி', 'ச', 'மொ' போட்டுப் பாருங்கள்.

கால் ஒர்க் (காலையில் வழக்குகளை வரிசையாக அழைப்பது) முடிந்ததும் நேரே பார் ரூமுக்குப் போகாமல், சாட்சி விசாரணை நடக்கும் ஒரு கோர்ட்டில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். வெவ்வேறு வழக்குகளைத் துண்டு துண்டாகப் பார்ப்பதைவிட, ஒரே வழக்கை அதன் ஒவ்வொரு வாய்தாவுக்கும் தொடர்ந்து பார்ப்பது பயன் தரும்.

கேள்வி: எங்கள் அலுவலகப் பிராதுகள் அடிக்கடி ரிட்டர்ன் ஆகின்றன. ஜூனியர்களுக்கு எதை முதலில் சொல்லித் தர வேண்டும்? (ராணிப்பேட்டை)

பதில்: சொத்து விவரத்தை. இந்தப் பகுதியில் அதுதான் ஆழமான குழி.

1989-ல் வட ஆற்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிந்தது. 1990-களில் வேலூர் மாவட்டம் என்ற பெயர் வந்தது. 2019 நவம்பரில் அதிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாயின. அரக்கோணத்துப் பக்கத்து நிலம் ஒன்றின் 1980-ஆம் வருடத்துக் கிரயப் பத்திரத்தில் 'வட ஆற்காடு மாவட்டம்' என்றிருக்கும். தாய்ப் பத்திரத்திலிருந்து இறங்கி வந்த அடுத்த பத்திரத்தில் 'வேலூர் மாவட்டம்'. இன்றைய பட்டாவில் 'ராணிப்பேட்டை மாவட்டம்'. வட்டமும் மாறியிருக்கலாம். பதிவு மாவட்டம் வேறு, வருவாய் மாவட்டம் வேறு என்பது தனிக் குழப்பம். ஜூனியர் கையில் கிடைத்த ஒரு பத்திரத்தைப் பார்த்து அப்படியே இறக்கிவிட்டால், பட்டாவோடு ஒட்டாது. இன்றைய மாவட்டம், வட்டம், கிராமம், சார்பதிவகம் என்று எழுதி, பத்திரத்தில் கண்ட பழைய விவரத்தையும் தொடர்ந்து குறிப்பிடச் சொல்லுங்கள்.

அடுத்தது சர்வே எண். யு.டி.ஆர். நில உடைமைப் பதிவு மேம்பாட்டுக்கு முந்தைய பத்திரத்தில் பழைய எண் இருக்கும், பட்டாவில் உட்பிரிவோடு புதிய எண் இருக்கும். இரண்டையும் இணைத்துக் காட்டும் வருவாய்ப் பதிவு கட்டில் இல்லாமல் பிராது போகக் கூடாது. அளவு பத்திரத்தில் ஏக்கர்-சென்ட், பட்டாவில் ஹெக்டேர்-ஏர்ஸ். ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர், ஒரு சென்ட் 435.6 சதுர அடி. மாற்றிப் போட்டுப் பார்க்காமல் எழுதினால், நான்கெல்லைக்குள் இருக்கும் நிலமும் எழுதிய அளவும் பொருந்தாது. எஃப்.எம்.பி. எனும் புல அளவை வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான்கெல்லையை ஜூனியர் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லட்டும். முடிந்தால் இடத்தையே போய்ப் பார்க்கட்டும். கிழக்கும் மேற்கும் மாறிய பிராதுகள் எத்தனையோ. விசாரணை தொடங்கிய பிறகு திருத்த மனு போட்டால், உரிய கவனத்தோடு இருந்தும் முன்பே தெரியவரவில்லை என்று காட்ட வேண்டும். கட்டளை 6, விதி 17 அப்படித்தான் சொல்கிறது. கட்சிக்காரரின் சொந்த நிலத்தின் எல்லையைப் பற்றி அதைச் சொல்வது எவ்வளவு கடினம் என்று யோசியுங்கள்.

பிறகு மதிப்பீடு. 1955-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தில், மதிப்பின் மீதான கட்டணம் 2017 திருத்தத்தில் 7.5 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைந்தது. பழைய பிராதைக் காப்பி அடிக்கும் ஜூனியர் பழைய கணக்கையும் சேர்த்தே காப்பி அடிப்பார். விளம்புகைக்கு (உரிமையை நீதிமன்றம் அறிவிக்கக் கேட்பதற்கு) 25-ஆம் பிரிவு, தடையுத்தரவுக்கு 27, பாகப் பிரிவினைக்கு 37, பத்திர ரத்துக்கு 40. வாதி அந்தப் பத்திரத்தில் தரப்பினரா இல்லையா என்பதைப் பொறுத்து, ரத்து கேட்பதா விளம்புகை கேட்பதா என்பதே மாறும். பிரிவைத் தேர்ந்தெடுப்பதற்கு முன், கேட்கும் பரிகாரத்தை ஒரு வரியில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி எழுத வரவில்லை என்றால், வழக்கே இன்னும் புரியவில்லை.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் வியாபாரத்தில் வரும் சரக்குப் பாக்கி வழக்குகளுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. வணிகத் தகராறாக இருந்து மதிப்பு 3 லட்ச ரூபாய்க்குக் குறையாமல் இருந்தால் வணிக நீதிமன்றச் சட்டம் வரும். அவசர இடைக்காலப் பரிகாரம் தேவைப்படாத வழக்கில், அச்சட்டத்தின் 12ஏ பிரிவுப்படி சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாகச் சமரசத்துக்கு முதலில் போயாக வேண்டும். இது கட்டாயம் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சாதாரணப் பணவசூல் வழக்கு என்று நினைத்து நேரே போட்டால் பிராது நிராகரிக்கப்படும். எதிர்த்தரப்புக்கு வந்தாலும் கவனம் தேவை. சாதாரண வழக்கில் எதிருரைக்கு 30 நாள், நீட்டித்தால் 90. வணிக வழக்கில் 120 நாள் போனால் உரிமையே போய்விடும்.

ஆவணப் பட்டியலில் விட்டுப்போன ஆவணத்தைப் பிறகு தாக்கல் செய்ய நீதிமன்ற அனுமதி வேண்டும் என்பதையும் (கட்டளை 7, விதி 14) சொல்லிவையுங்கள்.

கேள்வி: ஜூனியருக்குச் சம்பளம் கொடுத்தே ஆக வேண்டுமா? நாங்கள் பழகிய காலத்தில் பஸ் காசுதான் கிடைத்தது. (வழக்கறிஞர், வாலாஜாபேட்டை)

பதில்: 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் இதைக் கையில் எடுத்தது. அதையொட்டி, சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் குறைந்தபட்ச உதவித்தொகை என்று தமிழ்நாடு-புதுச்சேரி பார் கவுன்சில் சுற்றறிக்கை விட்டது. அதே வருடம் அக்டோபரில் இந்திய பார் கவுன்சில், நகரத்தில் 20,000, கிராமப்புறத்தில் 15,000 என்று பரிந்துரைத்தது. பயிற்சிக்காக ஜூனியரிடம் பணம் வாங்குவது முறையல்ல என்பது பார் கவுன்சில் விதிகளில் பல காலமாகவே இருக்கிறது.

வாலாஜா போன்ற ஊரில் ஒருவர் மட்டுமே நடத்தும் அலுவலகத்துக்கு 15,000 சுமைதான், மறுக்கவில்லை. ஆனாலும் பஸ் காசில் பழகக்கூடியவர், வீட்டில் வேறு வருமானம் உள்ளவர் மட்டுமே. காட்பாடி அரசு சட்டக் கல்லூரியில் படித்து வெளிவரும் முதல் தலைமுறைப் பட்டதாரி ஆறு மாதம் தாக்குப்பிடித்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுகிறார். நீங்கள் சொல்லிக் கொடுத்ததும் அவரோடு போய்விடுகிறது. முடிந்த தொகையை ஒரே தேதியில், வங்கிக் கணக்கில் கொடுங்கள். கோர்ட் வேலைக்கான பயணச் செலவைத் தனியாகக் கொடுங்கள். சொந்தக் கேஸ் எடுக்கலாமா, எடுத்தால் அலுவலக இடத்தில் கட்சிக்காரரைப் பார்க்கலாமா என்பதைச் சேரும் நாளிலேயே ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். பிரியும்போது வரும் கசப்பில் பெரும்பகுதி இந்த ஒரு பக்கம் இல்லாததால் வருவது.

இரண்டு சீனியர்கள் சேர்ந்து ஒரு ஜூனியரை வைத்துக்கொள்ளலாமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். சின்ன ஊரில் அந்த இரண்டு அலுவலகங்களும் ஒரே வழக்கில் எதிரெதிரே நிற்கும் நாள் வந்தே தீரும். கட்சிக்காரர் சொன்ன ரகசியம் காக்கப்பட வேண்டியது. அதனால் வேண்டாம்.

கேள்வி: பார் தேர்வு எழுதும் முன் கோர்ட்டுக்குப் போகலாமா? (வேலூர்)

பதில்: தற்காலிகப் பதிவோடு இரண்டு ஆண்டுகள் தொழில் செய்யலாம். அதற்குள் அகில இந்திய பார் தேர்வில் தேற வேண்டும். நூறு கேள்வி, தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை, குறிப்பு எழுதாத சட்டப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொள்ளலாம். பொதுப் பிரிவுக்கும் ஓ.பி.சி.க்கும் 45 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி. பிரிவுக்கு 40. பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிரிவுக்கு 125 ரூபாய்க்கு மேல் கேட்கக் கூடாது என்று 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

கேள்வி: ஜூனியர் தேதியைத் தவறாகக் குறித்ததால் ஒரு வழக்கில் எக்ஸ் பார்ட்டி (நம் தரப்பு வராததால் நாம் இல்லாமலே நடப்பது) ஆகிவிட்டது. அவரை நிறுத்திவிடலாம் என்று நினைக்கிறேன். (திருப்பத்தூர்)

பதில்: முதலில் வழக்கைக் காப்பாற்றுங்கள். வழக்குக்கு உரிய தனி அடையாளமான சி.என்.ஆர். எண்ணை இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டு, அன்று பதிவான உத்தரவு என்ன என்று பாருங்கள். எக்ஸ் பார்ட்டி என்று ஒதுக்கி வேறு தேதிக்கு வைத்திருக்கிறார்களா, தீர்ப்பாணையே ஆகிவிட்டதா? முதல் நிலையில் கட்டளை 9, விதி 7. தீர்ப்பாணை ஆகியிருந்தால் விதி 13. பின்னதற்குத் தீர்ப்பாணை நாளிலிருந்து 30 நாள் அவகாசம். கடந்துவிட்டால் தாமத மன்னிப்பு மனுவும் சேர்த்துப் போட வேண்டும். கட்சிக்காரரிடம் அன்றே சொல்லுங்கள். அவருக்கு எதிர்த்தரப்பு வழியாகத் தெரிந்தால் நம்பிக்கை போய்விடும். பிரமாணப் பத்திரத்தில் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். காய்ச்சல், வெளியூர்ப் பயணம் என்று எழுதும் வழக்கத்தை ஜூனியர் உங்களிடமிருந்துதான் கற்றுக்கொள்வார்.

பிறகு டைரியைப் பாருங்கள். ஒரே டைரி, அதை ஒருவர் மட்டுமே எழுதுகிறார் என்றால் பிழை அலுவலகத்துடையது. கோர்ட்டில் ஜூனியர் கைக்குறிப்பில் ஐந்து விஷயம் குறிக்க வேண்டும்: கட்டம், உத்தரவு, நாம் செய்ய வேண்டியது, செலவுத்தொகை விதித்தார்களா, அடுத்த தேதி. மாலையில் அதை அலுவலக டைரியில் குமாஸ்தா ஏற்ற வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை, அடுத்த வாரத் தேதிகள் அத்தனையையும் செயலியோடு மூன்றாவது ஆள் ஒருவர் ஒப்பிட வேண்டும். இருபது நிமிட வேலை. 'தேதி வாங்கியாச்சு சார்' என்ற ஒரு வரி அறிக்கையை இனி ஏற்காதீர்கள்.

காசோலை வழக்கு போன்றவற்றுக்குத் தேதியை ஜூனியரே எண்ணிக் காட்டட்டும். காசோலை திரும்பியதாக வங்கித் தகவல் வந்து 30 நாளுக்குள் நோட்டீஸ், எதிரிக்கு அது கிடைத்து 15 நாள் அவகாசம், அதன்பின் ஒரு மாதத்துக்குள் புகார். நோட்டீஸ் மார்ச் 3 கிடைத்தால் 15 நாள் மார்ச் 18-ல் முடிகிறது. அதற்கு முன் போட்ட புகார் செல்லாது. தபால் ஒப்புகை அட்டை வரவில்லை என்று காத்திருந்து தேதியைத் தொலைப்பதுதான் அதிகம் நடக்கிறது. தபால் துறை இணையதளத்தில் பட்டுவாடா விவரத்தை எடுத்து அன்றே அச்சிட்டுக் கட்டில் வைக்கச் சொல்லுங்கள்.

ஜூனியரை நிறுத்துவது பற்றி: தவறைத் தானே வந்து சொன்னாரா, நீங்கள் கண்டுபிடித்தீர்களா? தானே சொன்னவரை விட்டுவிடாதீர்கள். மறைத்தவரோடு ஒரு முறை உட்கார்ந்து பேசுங்கள். அதற்குப் பிறகும் மறைத்தால் உங்கள் முடிவு சரி. எப்படியானாலும் திறந்த நீதிமன்றத்தில் 'ஜூனியர் தவறு' என்று சொல்லாதீர்கள். வக்காலத்தில் முதல் பெயர் உங்களுடையது.

கேள்வி: புதிய குற்றவியல் சட்டங்களுக்கு அலுவலகத்தை எப்படித் தயார் செய்வது? சீனியரான எனக்கே பழைய எண்கள்தான் வாயில் வருகின்றன. (ஆம்பூர்)

பதில்: இந்த ஒரு விஷயத்தில் ஜூனியரை ஆசிரியராக்குங்கள். அவர் மனதில் பழைய எண்கள் அவ்வளவு ஆழமாகப் பதியவில்லை. வாரம் ஒரு அதிகாரம், அரை மணி, அவர் பேசட்டும். உங்கள் அனுபவத்திலிருந்து நீங்கள் கேள்வி கேளுங்கள். இருவரும் கற்பீர்கள்.

சுவரில் ஒட்ட வேண்டிய எண்கள் சில. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் முன்ஜாமீன் 438, இப்போது பி.என்.எஸ்.எஸ். எனும் புதிய நடைமுறைச் சட்டத்தில் 482. பழைய சட்டத்தில் 482 என்பது உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம். அது இப்போது 528. ஒரே எண் இரண்டு சட்டத்தில் இரண்டு பொருள் என்பதால் மனுவின் தலைப்பிலேயே பிழை வருகிறது. செஷன்ஸ் ஜாமீன் 439 இப்போது 483. காவல் நீட்டிப்பும் 60, 90 நாள் கணக்கும் 187-ல். 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த குற்றத்துக்கு இந்தியத் தண்டனைச் சட்டமே பொருந்தும் என்பதால், எஃப்.ஐ.ஆர். பதிவான தேதியை மட்டும் பார்க்காமல் சம்பவத் தேதியையும் பார்க்க வேண்டும்.

மின்னணு ஆவணத்துக்குப் பழைய 65பி சான்றுக்குப் பதில் புதிய சாட்சியச் சட்டம் 63(4)-ன் சான்று. அதில் ஏ, பி என இரண்டு பகுதிகள். ஒன்றை ஆவணத்தைத் தருபவரும் மற்றதை நிபுணரும் நிரப்ப வேண்டும், ஹேஷ் மதிப்பும் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் குறியீடு) குறிக்க வேண்டும். கட்சிக்காரர் வாட்ஸ்அப் படத்தைக் காட்டியவுடனே மூலக் கைபேசியை மாற்றாதீர்கள், அழிக்காதீர்கள் என்று சொல்ல ஜூனியரைப் பழக்குங்கள்.

கேள்வி: தமிழ் வழியில் படித்தவள். முன்சீப் கோர்ட்டில் சமாளிக்கிறேன். தீர்ப்புகளைப் படிக்க ஆங்கிலம் தடுக்கிறது. (காட்பாடி)

பதில்: சாட்சியமும் பிராதும் தமிழில் ஓடும் இடத்தில் உங்கள் தமிழ் ஒரு பலம், அம்மா. சாட்சி சொன்ன வார்த்தை எந்தப் பொருளில் வந்தது என்று உங்களுக்குச் சட்டென்று பிடிபடும். ஆங்கிலத்தை வாரம் ஒரு தீர்ப்பு என்ற அளவில் பிடியுங்கள். முதலில் முடிவு, பிறகு எழுப்பிய கேள்வி, பிறகு விவரம், கடைசியில் காரணம், இந்த வரிசையில் படியுங்கள். முதல் பக்கத்திலிருந்து தொடங்கினால் விவரத்திலேயே களைத்துவிடுவீர்கள். படித்ததைத் தமிழில் ஒரு பக்கம் எழுதுங்கள். காரணத்தைத் தமிழில் சொல்ல வரவில்லை என்றால் ஆங்கிலத்திலும் புரியவில்லை என்றே அர்த்தம்.

தொடங்குவதற்கு, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை எடுங்கள். பாலாற்றில் கலந்த தோல் கழிவு பற்றியது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும், கெடுதல் வருமுன் தடுக்க வேண்டும் என்ற இரண்டு கோட்பாடுகளும் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அதில்தான் சொன்னார்கள். உயர் நீதிமன்றத்தில் பசுமை அமர்வு அமைக்கச் சொன்னதும் அதிலேயே. ஊர்ப் பெயர்களும் பிரச்சினையும் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால் மொழி மட்டுமே தடை. அதே விவகாரத்தில் 2025 ஜனவரியில் வந்த தீர்ப்பை அடுத்துப் படித்தால், ஏறக்குறைய முப்பது வருடத்தில் ஓர் உத்தரவு நடைமுறையில் என்ன ஆனது என்றும் தெரியும்.

கேள்வி: முதன்முறையாகக் குறுக்கு விசாரணை செய்ய சீனியர் அனுமதித்திருக்கிறார். இரண்டு வாரம் இருக்கிறது. (அரக்கோணம்)

பதில்: முதல் வாரம் கேள்வி எழுதவே வேண்டாம். பிராது, எதிருரை, சாட்சிப் பிரமாணப் பத்திரம், ஆவணங்கள் நான்கையும் மேசையில் பரப்பி, ஒன்றில் இருப்பது மற்றொன்றில் இல்லாத இடங்களைப் பட்டியலிடுங்கள். இரண்டாம் வாரம் தாளை மூன்று பத்தியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: கேள்வி, எதிர்பார்க்கும் பதில், அந்தப் பதிலுக்கு ஆதாரமான ஆவணமும் பக்க எண்ணும். மூன்றாவது பத்தி காலியாக இருக்கும் கேள்வியை அடித்துவிடுங்கள். பதில் தெரியாமல் கேட்கும் 'ஏன்', 'எப்படி' கேள்விகளில்தான் சாட்சி தன் வழக்கைச் சீர்செய்துகொள்கிறார்.

ஒரு கேள்வியில் ஒரு விஷயம். 'நீங்கள் 2015-ல் அந்த நிலத்தை வாங்கி, வேலி போட்டு, வரி கட்டினீர்களா?' என்றால் 'ஆமாம்' எதற்கு என்று யாருக்கும் தெரியாது. முன்பு எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தோடு முரண்பாடு காட்ட வேண்டுமானால், அந்தப் பகுதியைச் சாட்சிக்குக் காட்டிவிட்டுத்தான் கேட்க வேண்டும். புதிய சாட்சியச் சட்டத்தில் அது இப்போது 148-ஆம் பிரிவு. உங்கள் தரப்பு வழக்கை யோசனையாக ('நடந்தது இப்படித்தானே?' என்று) சாட்சி முன் வைக்க மறக்காதீர்கள். மறுப்பார் என்று தெரிந்தே வைக்க வேண்டும். வைக்காமல் விட்டால் அந்த இடத்தில் சாட்சி சொன்னதை ஏற்றுக்கொண்டதாக வாதம் வரும்.

பதிவு செய்யாத பாகச் சீட்டு போன்ற ஆவணத்தை எதிர்த்தரப்பு மார்க் செய்ய (சான்றாவணமாகக் குறிக்க) வந்தால், முத்திரை, பதிவு ஆட்சேபத்தை அந்த நிமிடமே எழுந்து சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். முத்திரைக் குறைபாட்டை மார்க் ஆன பிறகு கிளப்ப முடியாது.

இரண்டு நாள் முன்பு, அலுவலகத்தில் இன்னொரு ஜூனியரைச் சாட்சியாக உட்கார வைத்து முழுவதையும் ஒரு முறை நடத்திப் பாருங்கள். எதிர்த்தரப்பு பக்கம் நின்று அந்த ஜூனியர் எப்படியெல்லாம் நழுவுகிறார் என்று சீனியர் பின்னால் உட்கார்ந்து கேட்கட்டும். கோர்ட்டில் வேண்டிய பதில் கிடைத்ததும் அடுத்த தலைப்புக்குப் போய்விடுங்கள். வாக்குமூலத்தில் கையெழுத்தாகும் முன், நீதிமன்றம் பதிவு செய்ததை ஒரு தடவை நிதானமாகப் படித்து, விட்டுப்போன சொல் இருந்தால் அங்கேயே மரியாதையாகச் சுட்டிக்காட்டுங்கள். மறுநாள் சொன்னால் மனு போட வேண்டியிருக்கும்.